விடியற்காலை பஸ் பிடிக்கிற வீட்டுக்கு ஒரு வாரச் சமையல் திட்டம்

என்ன சமைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், இந்த வாரம் யார் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். திங்கள் சாம்பார், செவ்வாய் வத்தக்குழம்பு என்று அழகாக எழுதி ஒட்டுகிற பட்டியல் மூன்றாம் நாளே படுத்துவிடும், ஏனென்றால் அதில் குழம்பின் பெயர் இருக்கும், அதை வைக்கப்போகிறவர் அன்றைக்கு எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பது இருக்காது.

எங்கள் வீடு கிருஷ்ணகிரியில். வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, ஒரு வாரம் முதல் ஷிப்ட், மறுவாரம் இரண்டாவது. முதல் ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும், காலையும் மதியமும் அவருக்குக் கேன்டீன் சாப்பாடு. சின்னவன் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு, காலை உணவும் மதியச் சத்துணவும் அங்கேயே. (காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் குறிப்பிட்ட பள்ளிகளில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உங்கள் பிள்ளை அங்கே படித்தால், ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த இரண்டு வேளையைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.) ஆக, எனக்கும் பெரியவளுக்கும் இரண்டு டப்பா, ஆனால் கூடமாட உதவிக்கு ஆள் இல்லை. இரண்டாவது ஷிப்ட் வாரத்தில் காலையில் அவர் இருப்பார், காய் நறுக்குவதும் டப்பா கட்டுவதும் அவர் பொறுப்பு, அன்றைக்குப் பொரியலும் ரசமும் தாராளமாக வைக்கலாம். இப்படி ஏழு நாளையும் பார்த்து, நெருக்கடியான நாளுக்கு மட்டும் காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். வட்டம் போட்ட நாளில் அடுப்பில் புதிதாக ஒரே ஒரு வேலைதான்.

அப்புறம் காய்கறி. உழவர் சந்தைக்குக் காயின் பெயரை எழுதிக்கொண்டு போகாதீர்கள், இடத்தை எழுதிக்கொண்டு போங்கள்: கீரை இரண்டு கட்டு, பிஞ்சுக் காய் இரண்டு வகை, கிழங்கோ பூசணியோ ஒன்று. எது அன்றைக்கு மலிவோ அது அந்த இடத்துக்கு வரும். மார்கழி, தை மாதத்தில் அவரைக்கொட்டை குவிந்து கிடக்கும்போது பீன்ஸைத் தேடி விலை கொடுப்பானேன்? வாங்கி வந்ததைச் செலவழிக்கிற வரிசை முக்கியம். கீரை முதல் இரண்டு நாளில் முடிய வேண்டும், கத்தரி, அவரை, வெண்டை வாரத்தின் நடுவில், முட்டைகோஸ், பூசணி, உருளை கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அன்றைக்கே ஐந்து நாள் குழம்பையும் வைத்து அடுக்கச் சொல்லவில்லை, அது யாருக்கும் ஒத்துவராது, மூன்றாம் நாள் பிள்ளைகள் தொடமாட்டார்கள். மாவு, பயறு, தொக்கு இந்த மூன்றும் இருந்தால் போதும்.

மாவு எல்லோருக்கும் தெரிந்ததுதான், நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, கொஞ்சம் வெந்தயம். ஆட்டியவுடன் இரண்டு பாத்திரமாகப் பிரித்து, ஒன்றைப் புளிக்க வெளியில் வையுங்கள், இன்னொன்றைப் புளிக்க விடாமல் நேராக பிரிட்ஜில் வைத்துச் செவ்வாய் ராத்திரி வெளியே எடுங்கள். வியாழக்கிழமையும் தோசை புளிப்பேறாமல் இருக்கும். வெயில் காலத்தில் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடுகிற மாவு, நம் பக்கத்து மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் அசையாது, அந்த மாதங்களில் பாத்திரத்தைத் துண்டால் சுற்றிச் சாயங்காலமே வைத்துவிடுங்கள்.

பயறு என்றால் கொள்ளு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, எதுவானாலும் சனி ராத்திரி ஊறப்போட்டு ஞாயிறு வேகவைப்பது. மூன்று நாளைக்கு ஆவதை பிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு மீதியை ப்ரீசரில் போடுங்கள். கொள்ளு வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், திங்கட்கிழமை ரசம் அதில்தான்.

தொக்குக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ராயக்கோட்டையும் பாலக்கோடும் பக்கத்தில் இருக்கிற நமக்குத் தக்காளி விலை இறங்குகிற வாரம் தெரியாமல் போகாது, அந்த வாரம் மூன்று கிலோவாக வாங்குங்கள். அகலமான வாணலியில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, கடுகு, பூண்டு, அரைத்த தக்காளி, நெல்லிக்காய் அளவு புளி, கல்லுப்பு. முதல் அரை மணி நேரம் தண்ணீராகக் கொதித்துச் சுவரெல்லாம் தெறிக்கும், தட்டைச் சாய்வாக மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். கொதிக்கிற சத்தம் மாறி, பொத்துப்பொத்தென்று பெரிய குமிழாக வரும்போது மிளகாய்த்தூளும் வறுத்துப் பொடித்த வெந்தயமும் போட்டு, அங்கிருந்து நகராமல் கிளறுங்கள். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடக் கூடாது, ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து நிற்க வேண்டும். ஆறினபின் ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு, ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் பிரிட்ஜில் இரண்டு வாரம் நிற்கும். வட்டம் போட்ட நாளில் சாதத்தில் பிசைந்தால் டப்பா தயார், ராத்திரி தோசைக்கும் அதுவே.

ராத்திரிக்குக் களியை மறந்துவிடாதீர்கள். கேழ்வரகு விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு வேலைக்குப் போகிறவர்கள் களிக்கு நேரமில்லை என்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் சப்பாத்தி உருட்டிச் சுடுகிற நேரத்தில் பாதிகூட இதற்கு ஆகாது. கொஞ்சம் நொய்யை வேகவைத்து, அந்தக் கொதியில் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் குத்தி, தீயைக் குறைத்துப் பத்து நிமிஷம் மூடி வையுங்கள். அப்புறம் அழுத்திக் கிண்டுவது மட்டும்தான் வேலை, அதற்கு வீட்டில் கைவலு உள்ளவரைக் கூப்பிடுங்கள். ஞாயிறு வேகவைத்த கொள்ளை மிளகாய், பூண்டு வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் தொட்டுக்கொள்ள ஆயிற்று. இரண்டு உருண்டை அதிகம் பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால், காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு குடித்துவிட்டு ஓடலாம். நான் பாதி நாள் அப்படித்தான் பஸ் ஏறுகிறேன்.

டப்பா விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். போன பங்குனியில் பெரியவளுக்குத் தேங்காய் சாதத்தை அவசரத்தில் சூடாகவே போட்டு மூடி அனுப்பிவிட்டேன், மதியம் திறந்தபோது நூல் விட்டிருந்தது, பிள்ளை சாயங்காலம் வரைக்கும் பட்டினி. அன்றிலிருந்து பங்குனி, சித்திரையில் டப்பாவுக்குத் தேங்காய் கிடையாது, சட்னியும் கிடையாது. புளி சாதம், எலுமிச்சை சாதம், தொக்கு சாதம் இவைதான் அந்த வெயிலுக்கு நிற்கும். எதுவானாலும் தட்டில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் பத்து நிமிஷம் ஆறவைத்து அப்புறம் மூடுங்கள். அந்தப் பத்து நிமிஷத்தையும் காலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கறி எடுக்கிற ஞாயிறாக இருந்தால் குழம்பை இரண்டு கரண்டி கூடுதலாக வையுங்கள், ஆறினதும் எடுத்து பிரிட்ஜில் வைத்து, திங்கள் காலை நன்றாகக் கொதிக்கவைத்தால் இட்லிக்குத் தனியாக ஒன்றும் அரைக்க வேண்டியதில்லை.

வாரத்தில் ஒரு ராத்திரியைக் காலியாக விடுங்கள். எங்களுக்கு அது வெள்ளி. மிச்சம் மீதியைத் தீர்ப்பது, ஒன்றும் இல்லாவிட்டால் தயிர் சாதமும் ஊறுகாயும், பிள்ளைகள் ரொம்பக் கேட்டால் கடையில் நாலு பரோட்டா. சனிக்கிழமை ராத்திரி பயறை ஊறப்போடும்போது பிரிட்ஜைத் திறந்து எது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து எழுதி வைத்துவிட்டுப் படுங்கள், அடுத்த வாரம் அந்தக் காயை வாங்க வேண்டாம்.