கூடு பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

முதல் தவறு வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. வெளிநாட்டுக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, ஏப்ரல், மே வந்தால் வாத்துகள் கூடு கட்டும் என்று பைனாகுலரும் கையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். அது இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் சரிப்பட்டு வரும் கணக்கு. பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கும் சிங்கப்பூரில் வசந்தம் ஏது? வடக்கே வசந்தம் பிறக்கும்போது இங்கே நடப்பது வழியனுப்புதான். சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் சில மாதம் தங்கியிருந்த உள்ளான், உப்புக்கொத்தி போன்ற வலசைப் பறவைகள் முட்டையிடுவதற்காகவே மார்ச், ஏப்ரலில் வடக்கே புறப்பட்டுவிடும். கனடாவில் குஞ்சுகளோடு சாலையைக் கடக்குமே, அந்தப் பெரிய வாத்து இனம் எதுவும் இங்கே இயற்கையாகக் கூடு கட்டுவதில்லை. தாவரவியல் பூங்கா ஏரியில் நீந்தும் வெள்ளை அன்னங்கள் கொண்டுவந்து விடப்பட்டவை.

இங்கேயே வாழ்ந்து இங்கேயே குஞ்சு பொரிக்கும் காட்டு வாத்து என்றால் முக்கியமாகச் சீழ்க்கைச் சிறகியைச் சொல்லலாம். பழுப்பு நிறம், பறக்கும்போது மெல்லிய விசில் சத்தம். இதைத் தேடுகிறவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, ஆண் பளபளப்பாகவும் பெண் மங்கலாகவும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது. இந்த இனத்தில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், அடைகாப்பதும் இரண்டும்தான். இன்னொன்று, கரையோரப் புல்லை மட்டுமே துழாவுவது. புல்லிலும் கூடு இருக்கலாம், ஆனால் மரப்பொந்தும், காக்கையோ கொக்கோ விட்டுப்போன பழைய கூடும் இதற்கு ரொம்பப் பிடிக்கும். பொரித்த குஞ்சுகள் பறக்கத் தெரியாமலேயே மேலிருந்து கீழே குதித்துத் தண்ணீருக்குப் போய்விடும். அதைப் பார்த்து, “ஐயோ, விழுந்துவிட்டதே” என்று ஓடிப்போய் எடுப்பவர்களும் உண்டு.

இந்தக் ‘காப்பாற்றும்’ தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனசுக்காரர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். புளோக்குக்குக் கீழே கால்வாய் ஓரமாகக் கறுப்புப் பஞ்சு உருண்டை ஒன்று தனியாக ஓடுகிறது. காக்கைக் குஞ்சு என்று சிலர் நினைப்பார்கள். பெரும்பாலும் அது கானாங்கோழிக் குஞ்சு. வெள்ளை மார்பும் வாலடியில் செம்பழுப்புமாக அதன் தாய் பக்கத்துப் புதரிலேயே நிற்கும். நீங்கள் நிற்கிற வரைக்கும் அது வெளியே வராது. தாயைக் காணோமே என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள், நீங்கள் போக மாட்டீர்களா என்று அது காத்திருக்கிறது. நன்றாகப் பின்வாங்கி, மறைவாக நின்று பாருங்கள். ஒரு குரல் கேட்கும், குஞ்சு அந்தப் பக்கம் ஓடும். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பாட்டிமார் சொல்வது பறவைகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் ஆபத்து.

விதிவிலக்கும் உண்டு. கண் திறக்காத, இறகு முளைக்காத குஞ்சோ, உயரமான கூட்டிலிருந்து விழுந்து எழ முடியாமல் கிடக்கும் நாரைக் குஞ்சோ ஓடிப்போகிற வகை இல்லை. அப்போது நீங்களே தண்ணீர் புகட்டாமல், தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணுக்கு அழையுங்கள்.

அடுத்தது, பறவை கத்தினால் ஏன் கத்துகிறது என்று பார்க்க இன்னும் கிட்டே போவது. கிராஞ்சி பக்கம் புல்வெளியில் செம்மூக்கு ஆள்காட்டி தலைக்குமேல் வட்டமடித்து அலறினால், நீங்கள் கூட்டை நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். கூடு என்று தனியாக எதுவும் இருக்காது. தரையில் ஒரு சிறு குழி, அதில் மண்ணும் கல்லும் கலந்த நிறத்தில் பொதுவாக நான்கு முட்டை. அடுத்த அடி அதன்மேலேயே விழலாம். வந்த வழியிலேயே திரும்பிவிடுங்கள்.

அங்கேயே நின்றால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். குளிர்நாட்டில் தாய் எழுந்தால் முட்டை ஆறிப்போகும் என்று பயப்படுவார்கள். இங்கே பிரச்சினை வெயில். உச்சி வெயிலில் ஆள்காட்டி முட்டைமேல் உட்காருவது சூடேற்ற அல்ல, நிழல் தர. வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து உட்காரவும் செய்யும். அந்த நேரம் பார்த்து நாலு பேர் கேமராவோடு சுற்றி நின்றால், முட்டைக்குள் இருப்பது வெந்துவிடும். போதாததற்குக் காக்கைகள் மேலிருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கும், தாய் எழுந்த இடமும் அவற்றுக்குத் தெரிந்துவிடும். அதனால் காலையிலோ சாயங்காலமோ போங்கள், சில நிமிடம் பார்த்துவிட்டு நகருங்கள்.

கூட்டில் அசையாமல் இருக்கும் பறவையையும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். “பாருங்க, பயப்படவே இல்லை!” என்பார்கள். கழுத்தை நீட்டி, உடம்பை ஒடுக்கி, கண்ணை உங்கள்மேலேயே வைத்திருந்தால் அது பயத்தில் உறைந்திருக்கிறது. இறகைக் கோதிக்கொண்டு அதன் பாட்டுக்கு இருந்தால்தான் நீங்கள் சரியான தூரத்தில் இருக்கிறீர்கள். என் கணக்கில் மீட்டர் அளவெல்லாம் அப்புறம்தான், முதலில் பறவையின் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

படம் எடுப்பவர்களில் சிலர் மறைக்கும் கிளையை ஒடிப்பது, ஃபிளாஷ் அடிப்பது, பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பது எல்லாவற்றையும் துணிந்து செய்கிறார்கள். அந்தக் கிளைதான் கூட்டுக்குக் கூரை, திரை எல்லாமே. படத்தை அன்றைக்கே இடத்தின் பெயரோடு ஃபேஸ்புக்கில் போடுவதும் ஏறக்குறைய அதே அளவு கெடுதல். மறுநாள் காலை அங்கே முக்காலிகள் வரிசைகட்டி நிற்கும். குஞ்சுகள் பறந்த பிறகு போட்டால் லைக் ஒன்றும் குறைந்துவிடாது.

ரொட்டி போடுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சட்டவிரோதம். 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி, காட்டு விலங்கு, பறவைகளுக்கு உணவு கொடுத்தால் முதல்முறை 5,000 வெள்ளி வரை அபராதம். குஞ்சைக் காப்பாற்ற உடும்பைக் கல்லால் அடிப்பதும் வேண்டாம். அதுவும் அந்தச் சதுப்புநிலத்தில் வாழும் உயிர்தான், அதற்கும் பசிக்கும்.

கிராஞ்சி சதுப்புநிலம் 2016-இல் திறக்கப்பட்டது, ஏறக்குறைய 57 ஹெக்டேர். அதன் உள்பகுதிக்கு வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். வேலியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அதற்கு அப்பால் பறவைகள் நிம்மதியாகக் குடும்பம் நடத்துகின்றன. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, நான் சொல்வது பாசிர் ரிஸ் பூங்கா. அங்கே சாம்பல் நாரைகள் உயரமான மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும், கீழே நடந்து போகிற ஆட்களை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. தள்ளி நின்றாலே தாய் மீனைக் கக்கி ஊட்டுவது பைனாகுலரில் தெரியும். மரத்துக்கு நேர்கீழே மட்டும் நிற்காதீர்கள், தொப்பி போட்டிருந்தாலும் சட்டை தப்பாது.