தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு ஃபைபர் போடுகிறவர்களுக்கு: கம்பி ஒருவருடையது, பில் இன்னொருவருடையது

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வருகிறவர்கள் இன்டர்நெட் விஷயத்தில் முதலில் குழம்புவது இங்கேதான். ஊரில் ஒரே கம்பெனி கம்பி இழுக்கும், அதுவே பில் போடும், நெட் போனால் அதையே திட்டலாம். இங்கே தெருவில் கேபிள் புதைத்து உங்கள் வீட்டுச் சுவர்வரை கொண்டுவந்து விடுவது ஒரு நிறுவனம். அந்தக் கேபிள் வழியாக இணையத்தை விற்று மாதாமாதம் கணக்கில் பணம் எடுப்பது இன்னொரு நிறுவனம். ஓப்பன்செர்வ், வுமாடெல், ஃப்ராக்ஃபுட், மெட்ரோஃபைபர் எல்லாம் கம்பிக்காரர்கள். ஆஃப்ரிஹோஸ்ட், வெப்ஆஃப்ரிகா, ஆக்சஸ், கூல் ஐடியாஸ், வாக்ஸ் எல்லாம் விற்கிறவர்கள். டெல்காம் இரண்டிலும் இருக்கிறது, ஓப்பன்செர்வ் அதனுடையதுதான், ஆனாலும் ஓப்பன்செர்வ் கம்பியில் வேறு கம்பெனி இணைப்பைத் தாராளமாக வாங்கலாம்.

இதில் கம்பிக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெரும்பாலும் உங்களுக்குக் கிடையாது. உங்கள் தெருவில் யார் கேபிள் போட்டார்களோ அவர்தான். சில இடங்களில் இரண்டு பேர் இருப்பார்கள், அது அதிர்ஷ்டம். அதனால் விளம்பரத்தைப் பார்த்து எதிலும் மயங்குவதற்கு முன்னால், கம்பிக்காரரின் வலைத்தளத்தில் இருக்கும் கவரேஜ் மேப்பில் உங்கள் முகவரியை, யூனிட் எண் உட்பட, போட்டுப் பாருங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ அடுத்த தெருவில் இருக்கிறது என்பதால் உங்கள் தெருவிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஃப்ளாட், காம்ப்ளெக்ஸ் என்றால் பாடி கார்ப்பரேட் (ஃப்ளாட் உரிமையாளர்களின் நிர்வாகக் குழு) அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் டெக்னீஷியன் கேட்டோடு திரும்பிப் போய்விடுவார்.

சரி, விற்கிறவர்களில் யாரை எடுப்பது? ஒரே கம்பி, ஒரே வேகம் என்றால் விலை வித்தியாசம் கொஞ்சம்தான் இருக்கும், ஏனென்றால் விற்கிறவர் எல்லோருமே அந்தக் கம்பிக்காரருக்கு மொத்த வியாபார விலை கட்டியாக வேண்டும். ஒருத்தர் மட்டும் நிறையக் குறைத்துத் தருகிறார் என்றால் எங்கேயோ கை வைக்கிறார், பெரும்பாலும் அது கஸ்டமர் கேரிலோ அல்லது ராத்திரி எல்லோரும் படம் பார்க்கும் நேரத்துக்கு வேண்டிய கொள்ளளவிலோ இருக்கும். வேகத்தை விட, விலையை விட, வெளியே வர எவ்வளவு செலவாகும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இது ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஃப்ளாட்டில் மதுரைக்காரக் குடும்பம். வாசலுக்கு வந்த ஏஜெண்டிடம் கையெழுத்துப் போட்டார்கள், இன்ஸ்டலேஷன் இலவசம், ரவுட்டர் இலவசம். ஐந்தாவது மாதம் வேறு வீட்டுக்கு மாறியபோது இன்ஸ்டலேஷனுக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு பெரிய பில் வந்தது. "அண்ணா, ஃப்ரீன்னுதானே சொன்னாங்க?" என்று அந்தம்மா காகிதத்தோடு வந்து நின்றார். ஃப்ரீதான், ஆனால் 12 மாதம் இருந்தால் ஃப்ரீ. இதை இங்கே க்ளாபேக் என்பார்கள். கம்பெனி உங்களுக்காக முன்னால் போட்ட பணத்தை, சீக்கிரம் கிளம்பினால் திருப்பி வாங்கிக்கொள்ளும். மாதாந்திர ஒப்பந்தம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் க்ளாபேக் சின்ன எழுத்தில் இருக்கத்தான் செய்யும். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "ஆறாவது மாதம் நான் நிறுத்தினால் மொத்தம் எத்தனை ராண்ட் கட்ட வேண்டும்?" பதிலை ஈமெயிலில் வாங்குங்கள்.

சட்டமும் கொஞ்சம் உங்கள் பக்கம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தனிநபரோடு போடும் கால ஒப்பந்தம் பொதுவாக 24 மாதத்தைத் தாண்டக்கூடாது, 20 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து நடுவில் வெளியேறலாம், கம்பெனி நியாயமான ஒரு தொகையை மட்டும்தான் கேட்கலாம். வாசலுக்கு வந்தோ போனில் கூப்பிட்டோ விற்றிருந்தால், ஐந்து வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமலே எழுத்தில் ரத்து செய்யலாம். அந்த மதுரைக் குடும்பத்துக்கு இது தெரிந்தபோது ஐந்து மாதம் ஓடிவிட்டது.

வேகத்துக்கு வருவோம். 4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட், அவ்வளவுதான். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 50 போதும். 200 வாங்கி அதை ஹாலில் இருக்கும் ஒரு பழைய ரவுட்டர் வழியாக மூன்று செங்கல் சுவர் தாண்டி படுக்கையறைக்கு அனுப்புவது வீண் செலவு. ஆனால் திட்டத்தில் இரண்டாவதாக எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள், 50/25 என்பதில் அந்த 25. அது அப்லோட். தைப்பூசத்துக்குக் கோவிலில் காவடி எடுப்பதை ஊரில் இருக்கும் பாட்டிக்கு நேரலையாகக் காட்டுகிறீர்கள், அல்லது வீட்டிலிருந்தே வேலை, தினமும் வீடியோ மீட்டிங் என்றால் இந்த எண்தான் உங்களைக் காப்பாற்றும்.

வீட்டில் கேமரா வைத்து வெளியிலிருந்து போனில் பார்க்கிறீர்களா? இங்கே கேமரா இல்லாத வீடு எங்கே இருக்கிறது! அப்படியானால் சிஜிநேட் போடுகிறார்களா, தனி பப்ளிக் ஐபி கிடைக்குமா என்று கேளுங்கள். சிஜிநேட் என்றால் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுவது. க்ளவுட் வழியாக வேலை செய்யும் கேமராவுக்குப் பிரச்சினை இல்லை, நேரடியாக ரெக்கார்டர் பெட்டிக்குள் நுழைந்து பார்க்கும் பழைய வகைக்கு இது ஆகாது.

இந்தியாவோடு தினமும் பேசுகிறவர்கள் இன்னொன்றும் கேட்கலாம்: உங்கள் டிராஃபிக் எந்தக் கடலடிக் கேபிள் வழியாகப் போகிறது, ஒன்று அறுந்தால் மாற்று உண்டா? டர்பனுக்கு வடக்கே ம்துன்ஸினியில்தான் சீகாம், ஈஸி என்ற இரண்டு கடலடிக் கேபிள்களும் கரை ஏறுகின்றன. 2024 பிப்ரவரியில் செங்கடலில் சீகாம் உட்படச் சில கேபிள்கள் சேதமாயின, அடுத்த மாதமே ஐவரி கோஸ்ட் பக்கம் நான்கு கேபிள்கள் ஒரே நாளில் போயின. கிழக்கு, மேற்கு இரண்டு பக்கமும் கொள்ளளவு வாங்கி வைத்தவர்களால்தான் அப்படிப்பட்ட நேரத்தில் தாக்குப்பிடிக்க முடியும். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரிந்த கம்பெனி என்றால் உள்ளே விஷயம் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

சேருவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர்களுடைய சப்போர்ட் நம்பருக்குப் போன் பண்ணிப் பாருங்கள். சேல்ஸ் நம்பருக்கு வேண்டாம், அதை எல்லோரும் உடனே எடுப்பார்கள். பழுது யாருடையதாக இருந்தாலும் நீங்கள் கூப்பிட வேண்டியது விற்கிறவரைத்தான், கம்பிக்காரர் பெரும்பாலும் உங்களோடு நேரடியாகப் பேசமாட்டார். அதனால் பழுது எங்கே என்று நீங்களே சொல்லத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம். தெருவிலிருந்து வரும் ஃபைபர் வந்து சேரும், சுவரில் மாட்டியிருக்கும் ஓஎன்டி பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஃபைபர் வழியாக வர வேண்டிய ஒளியே வீட்டுக்கு வரவில்லை, பெரும்பாலும் கம்பி எங்கோ அறுந்திருக்கும். அதே பெட்டியில் பான் (PON) என்ற விளக்கு பச்சையாக நிலையாக எரிந்தும் நெட் இல்லை என்றால் ரவுட்டரையோ விற்கிறவரையோ சந்தேகப்படலாம். போனில் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" படலம் சுருங்கிவிடும்.

கரண்ட் விஷயம் தெரிந்ததே. லோட் ஷெடிங் குறைந்தாலும் மழைக்கும் கேபிள் திருட்டுக்கும் மின்சாரம் போகத்தான் செய்கிறது. ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். வாங்கும் முன் இரண்டு அடாப்டரிலும் எத்தனை வோல்ட் என்று பாருங்கள், பெரும்பாலும் 12 தான், ஆனால் எல்லாமே அப்படி இல்லை.

ஃபைபர் வராத தெரு, அல்லது ஆறு மாதத்தில் வீடு மாறப் போகிற வாடகைக்காரர் என்றால் சிம் போட்டு ஓடும் எல்டிஇ (4ஜி) அல்லது 5ஜி ரவுட்டர் போதும். அன்கேப்ட், அதாவது டேட்டாவுக்கு வரம்பில்லை, என்று சொன்னாலும் இத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும் என்ற விதி பல திட்டங்களில் உண்டு, அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள். சிக்னல் வீட்டுக்கு வீடு மாறும், நண்பருடைய சிம்மைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம்.

அப்புறம், பிடிக்கவில்லை என்று விற்கிறவரை மாற்றும்போது கம்பி மாறாது, சுவரில் புது ஓட்டையும் வேண்டாம். பல கம்பெனிகள் ஒரு முழுக் காலண்டர் மாதம் நோட்டீஸ் கேட்கும். அதாவது 2ஆம் தேதி சொன்னால் அடுத்த மாதக் கடைசிவரை பணம் போகும், அதனால் மாதம் முடியும் முன்பே எழுதிவிடுங்கள். பழையவர் லைனை விடுவிக்கும் தேதியும் புதியவர் தொடங்கும் தேதியும் ஒட்டி வருகிறதா என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். ஓஎன்டி பெட்டியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், புதியவர் அதைத்தான் முதலில் கேட்பார். பெட்டியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், அது கம்பிக்காரருடைய சொத்து.