ஸ்காபுறோவில் முதல் வருடம்: காசு எங்கே போகிறது?

கனடாவில் ரொறன்ரோவுக்கு, அதிலும் நம் ஆட்கள் அதிகம் இருக்கிற ஸ்காபுறோப் பகுதிக்கு வந்து இறங்கிய புதிதில் எல்லோரும் செய்கிற வேலை ஒன்றுதான். கடையில் தக்காளிக்கு முன்னால் நின்று, விலையை ஊர்க் காசுக்கு மாற்றிப் பார்த்து, நெஞ்சடைத்துப்போய் வாங்காமல் திரும்பி வருவது. நானும் மூன்று கிழமை பருப்பும் சோறுமாகக் கிடந்தவன்தான். அதே நான் ஐந்தாவது மாதம் ஒரு கார் விற்கிற இடத்துக்குப் போய், "இரண்டு கிழமைக்கு ஒருக்கா 189 டொலர்தான் தம்பி, உங்களுக்கு அது ஒரு காசா" என்று விற்பவர் கேட்டதும் தலையாட்டிவிட்டு, ஏழு வருடக் கடனில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலை 19,500. 189ஐ வருடத்துக்கு 26 தவணை என்று ஏழு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 34,398 வரும். அந்தப் பெருக்கலை நான் செய்தது வீட்டுக்கு வந்த பிறகு. தக்காளியில் மிச்சம் பிடித்தது எல்லாம் சேர்த்து ஒரு நாற்பது டொலர் இருக்குமா, தெரியாது.

அதனால்தான் மலிவுக் கடைகளின் பட்டியலோடு தொடங்கவில்லை. அது இரண்டு மாதத்தில் தானாகவே பழகிவிடும், பக்கத்து வீட்டு அம்மாவே சொல்லிக் கொடுத்துவிடுவார். யாரும் சொல்லித் தராதது கையெழுத்து வைக்கிற இடங்கள்.

முதலாவது வீடு. பெரும்பாலும் பேஸ்மென்ற் ஒன்றில், அதாவது ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில்தான் தொடங்குவீர்கள். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டப்படி வீட்டுக்காரர் வாடகை முன்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும்தான், அதோடு முதல் மாத வாடகையும் கொடுப்பீர்கள், அவ்வளவுதான். "ஏதும் உடைந்தால்" என்று தனியாக வைப்புக் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. புதிதாக வந்தவர், வேலைக் கடிதம் இல்லை என்று ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் அவர்கள் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. குசினியையோ குளியலறையையோ வீட்டு உரிமையாளரோடு சேர்ந்து பாவிக்கிற மாதிரி அறை எடுத்தால் இந்தச் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. நாளைக்கே போ என்றால் போகவேண்டியதுதான். தனிக் குசினி உள்ள இடத்துக்கு நூறு டொலர் கூடக் கேட்டாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

பார்க்கப் போகும்போது சுவரின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், ஈரவாடை அடிக்கிறதா என்று மூக்கை வைத்துப் பாருங்கள், சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். நான் பார்த்த நான்காவது வீட்டில் வீட்டுக்கார அம்மா என் சம்பளத்தை விசாரிக்கவில்லை, "மீன் பொரிப்பீங்களோ?" என்றுதான் கேட்டார். கரண்ட் பில்லில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்பதை வாயால் பேசாமல் எழுத்தில் வாங்குங்கள். நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தில் இருக்கிற வீடு என்றால் இரவு 7 மணிக்குப் பிறகும் சனி ஞாயிறு முழுவதும் கரண்ட் மலிவு, உடுப்புத் தோய்ப்பதை அந்த நேரத்துக்குத் தள்ளலாம்.

வாடகைக்கு ரசீது கேளுங்கள். வாடகையை வருமானமாகக் காட்ட விரும்பாத வீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார், ஆனாலும் கேட்டால் தரவேண்டியது அவர் கடமை. நீங்கள் வரி தாக்கல் செய்யும்போது கட்டிய வாடகையைக் குறிப்பிட்டால், வருமானம் குறைந்தவர்களுக்கு ஒன்ராறியோ ட்ரில்லியம் என்கிற கொடுப்பனவு கிடைக்கும். அந்தத் துண்டுக் காகிதத்தின் பெறுமதி பல நூறு டொலர்.

வரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "எனக்கு வருமானமே இல்லையே, நான் ஏன் தாக்கல் செய்யவேண்டும்" என்று கேட்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். விற்பனை வரிக்கு ஈடாக அரசு தருகிற ஜி.எஸ்.ரி. கொடுப்பனவும் பிள்ளைகளுக்கான மாதக் காசும் வரி தாக்கல் செய்தவர்களுக்குத்தான் தொடர்ந்து வரும். வந்த வருடத்திலேயே தொடங்கிவைக்க, பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு ஆர்.சி.151 என்ற படிவமும், பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஆர்.சி.66 என்ற படிவமும் இருக்கின்றன. வரி தாக்கல் செய்யக் கடைசி நாள் பொதுவாக ஏப்ரல் 30. வருமானம் குறைந்தவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாகச் செய்து கொடுக்கிறார்கள், மார்ச் ஏப்ரலில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் விசாரியுங்கள். கடை வாசலில் மேசை போட்டு "உடனே காசு" என்று எழுதி வைத்திருப்பவரிடம் போகவேண்டாம்.

வங்கிகள் புதிதாக வந்தவர்களை இரண்டு கையையும் விரித்து வரவேற்கும். முதல் வருடம் கணக்குக்கு மாதக் கட்டணம் இல்லை என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பதின்மூன்றாவது மாதம் எந்தச் சத்தமும் இல்லாமல் கட்டணம் தொடங்கும். என் கணக்கிலிருந்து மாதம் 16.95 என்று எட்டு மாதம் போன பிறகுதான் கண்ணில் பட்டது, 135 டொலர் 60 சதம். கேட்டதற்கு ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்றார்கள். இருந்தது. கணக்குத் திறக்கிற அன்றே போனில் பதினொரு மாதம் தள்ளி ஒரு நினைவூட்டல் வையுங்கள், பிறகு கட்டணமே இல்லாத கணக்குக்கு மாறலாம்.

கிரெடிற் கார்ட் எடுங்கள். பயந்து எடுக்காமல் விட்டால் நாளைக்கு வீடு எடுக்கவும் கடன் எடுக்கவும் உங்களைப் பற்றி ஒரு வரலாறும் இருக்காது. எனக்குக் கார் கடனுக்கு 14 சதவீத வட்டி போட்டதற்குக் காரணமே அதுதான். பால், முட்டை, பஸ் காசு என்று மாதம் நூறு இருநூறுக்குப் பாவித்து, கட்டவேண்டிய திகதிக்கு முன்னால் முழுவதையும் கட்டிவிடுங்கள். பில்லில் குறைந்தபட்சத் தொகை என்று ஒரு சின்ன எண் இருக்கும், அதை மட்டும் கட்டிக்கொண்டு போனால் மிச்சத்துக்கு இருபது சதவீதம் அளவில் வட்டி ஓடும். அந்தக் கார்டில் காசாக எடுத்தால் எடுத்த அன்றிலிருந்தே வட்டி. சம்பளத்துக்கு முன் கடன் தருகிற கடைகள் ஸ்காபுறோவில் சந்திக்குச் சந்தி இருக்கின்றன. நூறு டொலருக்கு 14 டொலர்தானே என்று தோன்றும், இரண்டு கிழமைக்கு 14 என்றால் வருடக் கணக்கில் 364 சதவீதம்.

இன்னொரு கையெழுத்தும் இருக்கிறது, நம் ஆட்களிடம் மட்டும் அதிகம். "தம்பி, ஒரு கார் எடுக்கிறன், நீர் ஒரு சைன் மட்டும் வையும்." வைத்தால் அது உங்கள் கடன். அவர் கட்டாவிட்டால் உங்களிடம்தான் வருவார்கள். எனக்கு வேறு கடன் இருக்கிறது, வங்கி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லித் தப்பினேன். அது பொய்யும் இல்லை.

சரி, சாப்பாடு. வியாழக்கிழமை புதிய பிளையர், அதாவது கடைகளின் மலிவு விலைத் துண்டுப்பிரசுரம் வரும், புதன் வரை அந்த விலை. பிளிப் என்ற செயலியில் எல்லாக் கடைகளின் பிளையரும் இருக்கும். நோ ஃப்ரில்ஸ், ஃபிரெஷ்கோ மாதிரிக் கடைகளில், வேறு கடையில் அதே பொருள் மலிவு என்று காசாளரிடம் போனைக் காட்டினால் அந்த விலைக்கே தருவார்கள். வெட்கப்படாதீர்கள், பின்னால் நிற்பவரும் அதைத்தான் செய்யப்போகிறார். மரக்கறி விலையில் பெரிய எழுத்தில் இருப்பது றாத்தலுக்கு, கிலோ விலை கீழே பொடியாக இருக்கும். 1.99 என்று கத்தரிக்காயை அள்ளினால் கிலோவுக்கு 4.39. முருங்கைக்காய், கறிவேப்பிலை, மாசி, அரிசிமா எல்லாம் தமிழ்க் கடையில்தான், ஆனால் பால், முட்டை, வெங்காயம் அங்கே வாங்கவேண்டியதில்லை. அப்புறம், அடிப்படை உணவுப் பொருளுக்கு இங்கே வரி கிடையாது, சிப்ஸுக்கும் சோடாவுக்கும் 13 சதவீதம் உண்டு. டோனற் ஐந்துவரை வாங்கினால் வரி, ஆறாக வாங்கினால் வரி இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள், சட்டம் அப்படி.

ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பியை நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். ஜனவரியில் காலை ஐந்தரைக்கு ஃபிஞ்ச் பஸ்ஸுக்கு நிற்பவனிடம் அதைப் பறிப்பது பாவம்.

பஸ் ஒரு பயணம் பிரெஸ்ரோ என்கிற, காசு போட்டுத் தட்டுகிற பயணக் கார்டில் 3.30 டொலர், தட்டியதிலிருந்து இரண்டு மணித்தியாலம் எத்தனை பஸ்ஸும் மாறலாம், கடைக்குப் போய் அதே காசில் திரும்பியும் வரலாம். மாதப் பாஸ் 156 டொலர், மாதம் 48 பயணமாவது போனால்தான் கட்டுபடியாகும். கிழமைக்கு நாலு நாள் மட்டும் வேலைக்குப் போகிறவர் பாஸ் வாங்கினால் நட்டம். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு இலவசம். நூலக அட்டையும் இலவசம், அதை வைத்து மியூசியம் போகிற பாஸ்கூட எடுக்கலாம்.

சீட்டு பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஊரில் நம்பிய மாதிரி இங்கேயும் சேருகிறார்கள், பலருக்கு வீட்டுக்கு முற்பணம் சேர்ந்ததும் அதில்தான். ஆனால் பிடிக்கிறவர் ஒரு நாள் போனை எடுக்காவிட்டால் உங்கள் கையில் எழுத்தில் ஒன்றும் இருக்காது. வங்கியில் போட்ட காசுக்கு ஒரு லட்சம் டொலர் வரை காப்புறுதி இருக்கிறது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைக்கு மேல் சீட்டில் போடவேண்டாம். ஊருக்குக் காசு அனுப்பும்போது "கட்டணம் இல்லை" என்ற பலகையைப் பார்க்காதீர்கள், கடைசியில் அம்மா கையில் எத்தனை ரூபாய் போய்ச் சேரும் என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பாருங்கள். கட்டணத்தை விட்டுவிட்டு நாணய மாற்றில் பிடித்துவிடுவார்கள்.

குளிருடுப்பு ஒன்று மிச்சம். சப்பாத்து மட்டும் புதிதாக, நல்லதாக வாங்குங்கள், ஐஸில் சறுக்கி விழுந்தால் வேலைக்கே போக முடியாது. ஜாக்கெட் வல்யூ வில்லேஜ் போன்ற பழைய உடுப்புக் கடையிலேயே நல்லது கிடைக்கும், புதிது வேண்டுமென்றால் பெப்ரவரி கடைசியில் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நான் நவம்பரில் பதறிப்போய் முழு விலைக்கு வாங்கிய ஜாக்கெட் இரண்டு அளவு பெரிது. இன்னும் அலுமாரியில்தான் தொங்குகிறது, புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் போட்டுப் பார்க்கக் கொடுக்கிறேன், இதுவரை ஒருவருக்கும் அளவு சரிவரவில்லை.