ஆட்டுக்குப் போடும் தடுப்பூசி எங்கே வீணாகிறது?

போன வெள்ளிக்கிழமை திருமங்கலம் ஆட்டுச் சந்தையில் பன்னிரண்டு குட்டி வாங்கிய ஒரு தம்பியைப் பார்த்தேன். "ஊசி மருந்தும் வாங்கியாச்சுண்ணே, ஊருக்குப் போனதும் போட்டுறலாம்" என்று சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்துக் காட்டினார். மணி பதினொன்று. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. ஆடு வளர்க்க வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். காலாவதித் தேதி பார்ப்பது, ஊசியை மாற்றுவதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

சூடேறிய மருந்து

ஒரு சித்திரை மாதம், உசிலம்பட்டி பக்கம் எங்கள் பட்டியில் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டோம். காலை ஏழு மணிக்குக் குப்பியில் உலர்ந்திருக்கும் மருந்தை அதற்கான தண்ணீரில் கலக்கி எட்டுக்குள் எங்கள் ஆடுகளுக்கு முடித்துவிட்டோம். குப்பியில் மருந்து மிச்சம் இருந்தது. பெரியப்பா பட்டிக்குக் கொண்டுபோனேன். அவர் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. திரும்பி வந்து ஊசி போட மதியமாகிவிட்டது.

ஐப்பசி மழையில் நோய் வந்தது. மூக்கில் சளி, வாயில் புண், நாற்றமெடுக்கும் கழிச்சல். எங்கள் பட்டியில் ஒன்றும் சாகவில்லை. பெரியப்பாவுக்குப் பதினோரு ஆடு போயிற்று. "ஊசி போட்டும் செத்துப்போச்சேப்பா, மருந்தே சரியில்ல" என்றார். கால்நடை மருத்துவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கலக்கி எவ்வளவு நேரம் கழிச்சுப் போட்டீங்க?"

அந்தக் குப்பியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அடியில் வெள்ளையாக உலர்ந்து ஒட்டியிருக்கும். சூட்டில் அது செத்துவிடும், ஆனால் நிறமோ வாடையோ மாறாது. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. செத்த மருந்தைப் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் இதில்தான்.

மருந்தகத்திலிருந்து ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டு வாருங்கள். கலக்குவதற்கென்று மருந்தோடு தரும் தண்ணீரும் அதே பெட்டியில் குளிர்ந்திருக்க வேண்டும். பைக் பெட்டியில் வெயிலில் கிடந்த தண்ணீரைச் சேர்த்தால் ஐஸ் வைத்ததே வீண். ஆடுகளை எல்லாம் பட்டியில் அடைத்த பிறகுதான் கலக்க வேண்டும். கலக்கியதை ஐஸிலேயே வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. துள்ளுமாரி, கோமாரி நோய்களுக்கான ஊசி மருந்துகளை ஃப்ரீசரில் வைப்பது. இவை கிருமியையோ அதன் நஞ்சையோ செயலிழக்கச் செய்து தயாரித்த மருந்துகள், உறைந்தால் கெட்டுவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் போதும். உறைந்ததை உருக்கிப் போடாதீர்கள்.

மீந்த மருந்து

நாளைக்கு வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

சந்தையிலிருந்து வந்த அன்றே ஊசி

பல சந்தைச் சரக்கு கலந்து நின்ற ஆட்டுக்குள் நோய் ஏற்கெனவே புகுந்திருக்கலாம். ஊசி போட்டாலும் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் சேர்த்து விட்டால் பழைய மந்தைக்கும் ஆபத்து. மூன்று வாரம் தனியாகக் கட்டி, மருத்துவரிடம் காட்டுங்கள். எப்போது ஊசி போடலாம் என்று அவர் சொல்லட்டும். அந்தத் தம்பியிடமும் இதையேதான் சொல்லி அனுப்பினேன்.

குடற்புழு மருந்துக்குக் கண் அளவு

தடுப்பூசியில் மட்டுமல்ல, மற்ற மருந்துகளிலும் தவறு செய்கிறோம். ஆட்டைத் தராசில் நிறுத்து, எடைக்கேற்ற அளவு ஊற்றுங்கள். குறைத்துக் கொடுத்தால் சாகாமல் தப்பிய புழுக்கள் பெருகி, அப்புறம் அந்த மருந்துக்கே அசையாது. சினை ஆடு என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆல்பெண்டசோல் சினைப்பிடித்த தொடக்கத்தில் ஆகாது. ஊற்றும்போது தலையை அண்ணாந்து தூக்கிப் பிடித்தால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும்.

டைக்ளோபினாக்

இந்த வலி மருந்தைக் கால்நடைக்குப் போட 2006 முதல் தடை. அதைப் போட்ட மாடு செத்து, அந்தச் சடலத்தைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மனிதர்களுக்கான மருந்தை வாங்கி மாட்டுக்குப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது, மருத்துவரைக் கேளுங்கள்.

பால்

ஆன்டிபயாடிக் போட்ட மாட்டுப் பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்று ஊசி போடும்போதே கேட்டுவிடுங்கள். அத்தனை நாளும் கன்றுக்கும் கொடுக்காதீர்கள்.

ஆடு எழுந்திருக்காமல் படுத்துவிட்டால்

மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.