தொழிற்சாலையில் காயப்பட்டால் நட்டஈடும் வைத்தியச் செலவும் கேட்பது எப்படி? முதல் முறை கேட்பவர்களுக்கு

அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை, கரையோர ஐஸ் தொழிற்சாலை, நண்டு பதப்படுத்தும் இடம், எண்ணெய் ஆலை, ஊர் அரிசி ஆலை. யாழ்ப்பாணத்தில் இப்படியான இடங்களில் வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டம் படித்தவன் இல்லை நான். சித்தியின் மகனுக்காக, எனக்குத் தம்பி முறை, ஒரு வருடத்துக்கு மேல் பைலும் கையுமாக அலைந்தவன். அதற்குப் பிறகு வேறு சிலருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "வேலையில் காயப்பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கச் சட்டப்படி கிடைக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பிரதானமாகப் பார்ப்பது, காயத்தால் உங்கள் உழைக்கும் வலு எவ்வளவு போனது என்பதைத்தான். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். வெளியில் வாங்கிய மருந்து, தனியாரில் எடுத்த ஸ்கேன், எலும்புக்கு வைத்த பிளேட், கிளினிக்குக்குப் போய்வந்த ஓட்டோக் காசு எல்லாவற்றையும் வேறு வழியில் கேட்க வேண்டும். அந்த வழிகளைக் கீழே சொல்கிறேன். இரண்டையும் ஒரே கடிதத்தில் குழைத்துவிடாதீர்கள்.

படி 1: வைத்தியசாலையில் உண்மையைச் சொல்லுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால், இதை வைத்திருங்கள்.

தம்பிக்கு ஆலை பெல்ட்டில் வலது கை அகப்பட்டு இரண்டு விரல்கள் போய்விட்டன. அவசர சிகிச்சைப் பிரிவில் "என்ன நடந்தது?" என்று கேட்டபோது, கூடவந்த சூப்பர்வைசர் முந்திக்கொண்டு "தோட்டத்தில் தண்ணி இறைக்கிற மெசினில் கை அகப்பட்டிட்டுது" என்றார். தம்பியும் தலையை ஆட்டிவிட்டான். முதலாளி பக்கத்து ஊர்க்காரர், தம்பியின் கலியாணத்துக்கு வந்து நின்றவர். "எல்லாம் நான் பார்க்கிறன், பிரச்சினை ஆக்காதேங்கோ" என்று வழியிலேயே சொல்லியிருந்தார். இரண்டு மாதம் பார்த்தார். மூன்றாம் மாதம் தொலைபேசியையே எடுக்கவில்லை.

அந்த ஒரு வசனம் வைத்தியசாலைக் குறிப்பில் ஏறிவிட்டது. பிறகு நட்டஈடு கேட்டபோது எதிர்த்தரப்பு முதலில் தூக்கிக் காட்டியது அதைத்தான்.

எங்கள் ஊர்களில் இது அடிக்கடி நடக்கிறது. முதலாளி சொந்தக்காரராக இருப்பார், அல்லது கோயில் திருவிழாவில் அருகில் நிற்பவராக இருப்பார். அவரைக் காட்டிக்கொடுப்பது போல மனம் கூசும். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ஆனால் வேலை செய்யும்போது காயம் என்று சொல்வது யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை. வேலையினால், வேலை நேரத்தில் ஏற்பட்ட விபத்தா என்பதைத்தான் இந்தச் சட்டம் பார்க்கிறது. முதலாளி கவனயீனமாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆகவே வைத்தியரிடமும் தாதியிடமும் மூன்று விடயங்களைச் சொல்லுங்கள்: எந்தத் தொழிற்சாலை, எந்த மெசின், எத்தனை மணி. காயப்பட்டவரால் பேச முடியாவிட்டால் கூடப்போகும் மனைவியோ அண்ணனோ சொல்லலாம். வைத்தியசாலைப் பொலிசார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே பிழையாகச் சொல்லிவிட்டீர்களா? எல்லாம் முடிந்துவிடவில்லை. பழைய குறிப்பை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். அடுத்த கிளினிக்கில் உண்மையைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தம்பியின் விடயத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவை இரண்டு. அன்றைய வரவுப் பதிவில் அவனுடைய கையெழுத்து இருந்தது. கூட வேலை செய்த அக்கா ஒருவர் இரத்தம் பட்ட பெல்ட்டைத் தன் போனில் படம் எடுத்து வைத்திருந்தார்.

படி 2: தொழிற்சாலைக்கு எழுத்தில் அறிவியுங்கள்

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். ஒரு தாளில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நீண்ட கடிதம் தேவையில்லை. நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நான் தங்கள் தொழிற்சாலையில் (வேலையின் பெயர்) ஆகக் கடமையாற்றுகிறேன். (திகதி) அன்று (நேரம்) மணியளவில் (மெசின்) இல் வேலை செய்துகொண்டிருந்தபோது விபத்து ஏற்பட்டு எனது (உடற்பகுதி) காயமடைந்தது. (வைத்தியசாலை) இல் அனுமதிக்கப்பட்டேன். இதனைக் கண்டவர்கள் (இருவரின் பெயர்). தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எனக்குரிய நட்டஈட்டைக் கோருகிறேன்."

கோபத்தை இந்தக் கடிதத்தில் கொட்டவேண்டாம். திகதியும் நேரமும் வைத்தியசாலைக் குறிப்போடு பொருந்தி வந்தால் போதும்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவரை மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமல் ஆக்கும் விபத்தைத் தொழிற்சாலையே தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். அறிவிக்கவில்லை என்றால் நீங்களே முறைப்பாடாகக் கொடுங்கள்.

படி 3: "நான் நிரந்தர ஊழியன் இல்லையே"

பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நாட்கூலி என்பதாலோ, நியமனக் கடிதம் இல்லை என்பதாலோ, ஊழியர் சேமலாப நிதி கட்டவில்லை என்பதாலோ உரிமை போய்விடாது. நட்டஈட்டுக்கு நீங்கள் சந்தா எதுவும் கட்டவில்லை. அது முதலாளியின் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் மூலம் வந்து தொழிற்சாலையின் வழக்கமான வேலையைச் செய்பவர்கள், தொழிற்சாலை உரிமையாளரிடமே கேட்கவும் சட்டம் இடம்கொடுக்கிறது.

2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வரும்போதும் நடக்கும் விபத்தும் இதற்குள் வருகிறது. அதிகாலையில் சைக்கிளில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். உச்ச நட்டஈட்டுத் தொகையும் அந்தத் திருத்தத்தில்தான் 5,50,000 ரூபாவில் இருந்து 20 இலட்சமாக உயர்ந்தது.

குடிபோதையில் இருந்தது, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியது போன்றவற்றைக் காட்டி முதலாளி மறுக்கப் பார்க்கலாம். கவசத்தைக் கழற்றச் சொன்னதே சூப்பர்வைசர் என்றால் அதை இப்போதே எழுதி வையுங்கள்.

படி 4: கடதாசிகளைச் சேருங்கள்

ஒரு பிளாஸ்டிக் பைல் வாங்குங்கள். வைத்தியசாலையில் துண்டு வெட்டும்போது தரும் நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, அடையாள அட்டைப் பிரதி எல்லாம் அதற்குள் போகட்டும். ஒவ்வொன்றையும் போனிலும் படம் எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் நனைந்துபோன கிளினிக் கொப்பியோடு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

சம்பளத்துக்கான ஆதாரம் மிக முக்கியம். நட்டஈடு உங்கள் மாதச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். சம்பளச் சிட்டை இருந்தால் நல்லது. கையில் காசாகத் தந்திருந்தால் வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கணக்குக் கூற்று, சம்பளம் பற்றி வந்த குறுஞ்செய்தி, கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் உதவும். மேலதிக நேரக் காசையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம், முதலாளி தன் செலவில் வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்பினால் மறுக்கவேண்டாம். காரணமில்லாமல் மறுத்தால் நட்டஈட்டு உரிமையே நிறுத்தப்படலாம். போய்க் காட்டுங்கள். அங்கே வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.

படி 5: ஆணையாளருக்கு விண்ணப்பம்

முதலாளி தரவில்லை அல்லது குறைத்துத் தருகிறார் என்றால், கொழும்பில் உள்ள தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தையும் முகவரியையும் யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. "சிங்களத்தில் எழுதினால்தான் பார்ப்பார்கள்" என்று சொல்லிக் காசு வாங்கும் தரகர்களிடம் மாட்டவேண்டாம்.

நட்டஈடு இரண்டு வகையாக வரலாம். தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு அரைமாதத்துக்கு ஒரு முறை கொடுப்பனவு. விரல், கை, கண் என்று நிரந்தரமாக ஏதாவது போயிருந்தால் மொத்தத் தொகை. எந்த உறுப்புக்கு எத்தனை வீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அதனால் வைத்திய அறிக்கையில் "கையில் காயம்" என்று பொதுவாக இருந்தால் போதாது. எந்தக் கை, எந்த விரல், எத்தனையாவது மூட்டு வரை என்று இருக்கவேண்டும்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால், சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறார்கள். கோரிக்கைக்குக் காலவரையறை உண்டு. "புண் முழுக்க ஆறட்டும்" என்று காத்திருக்காமல் விண்ணப்பித்துவிட்டு, புதிய அறிக்கைகளைப் பிறகு சேருங்கள்.

படி 6: வைத்தியச் செலவு

சரி, அந்த மருந்துச் சிட்டைகள். முதலில் தொழிற்சாலைக் கணக்காளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஊழியர்களுக்குக் காப்புறுதி இருக்கிறதா? பல முதலாளிமார் விபத்துக் காப்புறுதி எடுத்து வைத்திருப்பார்கள், ஊழியருக்குத் தெரியாது. வைத்தியச் செலவும் அதற்குள் வருமா என்று விசாரியுங்கள். வந்தால், சிட்டைகளின் மூலப் பிரதியைக் கொடுக்கும் முன் போட்டோப் பிரதி எடுத்து, ஒப்படைத்த திகதிக்குக் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்தது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. முதலாளி உங்களுக்காகச் சம்பளத்தில் 3 வீதம் கட்டும் நிதி அது. அங்கத்தவர்களுக்கு நிரந்தர இயலாமைக்கும் வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றதற்கும் உதவித் திட்டங்கள் உண்டு. வீட்டுக்கு வந்தவுடனேயே விசாரியுங்கள்.

சேமலாப நிதியில் இருந்து சிகிச்சைக்காக 30 வீதம் வரை எடுக்கலாம். அதற்கு 10 வருடப் பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபாவும் இருக்கவேண்டும். இதை நான் கடைசியாகத்தான் சொல்வேன். அது உங்கள் முதுமைக்கான காசு. வேலையில் பட்ட காயத்துக்கு உங்கள் சேமிப்பைக் கரைக்குமுன் மற்ற வழிகளைத் தட்டிப் பாருங்கள்.

படி 7: சமாதானமாக முடிக்கச் சொன்னால்

யாராவது ஊர்ப் பெரியவரோடு வீட்டுக்கு வருவார்கள். கொஞ்சக் காசும் ஒரு தாளும் கொண்டுவருவார்கள். தம்பி வீட்டுக்கும் வந்தார்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அந்தத் தாளில் இருந்தது. சித்தி தேத்தண்ணீர் கொடுத்து, "பெடியன் நித்திரை, நாளைக்குப் பாப்பம்" என்று அனுப்பிவிட்டா. அன்றைக்கு அவ செய்தது பெரிய காரியம்.

உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. ஆனால் கையெழுத்து வைத்துவிட்டால் அதை விளக்கவே மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். நியாயமான தொகைதான் தருகிறார் என்றால் வாங்கலாம், தப்பில்லை. உடன்பாட்டை ஆணையாளரிடம் பதிவு செய்துவிட்டு வாங்குங்கள். விபத்தில் ஒருவர் இறந்திருந்தால் நட்டஈட்டை முதலாளி குடும்பத்தின் கையில் கொடுக்க முடியாது. ஆணையாளரிடம்தான் வைப்பிட வேண்டும்.

விசாரணைக் கடிதம் வந்தால் திகதியைக் கிளினிக் கொப்பியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் உடனே எழுதி வேறு திகதி கேளுங்கள். தம்பிக்கு அப்படித்தான் விழுந்தது. கடிதமும் கிளினிக் கொப்பியின் பிரதியும் அனுப்பினோம், மாற்றித் தந்தார்கள். போகும்போது மூலப் பிரதிகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். சாட்சிக்கு வரும் கூட்டாளிக்கு அன்றைய நாட்கூலி போகும், அவருடைய பஸ் காசையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.