கணினியில் சொல் பயிற்சி: சிறு பிள்ளைகளுக்கு எப்படித் தொடங்குவது

முதல் வேலை, பிள்ளைகள் வந்து உட்காரும் முன்பே எல்லாக் கணினிகளிலும் பிழைதிருத்தியை அணைத்துவிடுங்கள். பாதிச் சொல்லைத் தட்டும்போதே மீதியைக் காட்டும் பரிந்துரைகளையும் சேர்த்துத்தான். 'வா' என்று தட்டியதும் கணினியே 'வாழை' என்று நீட்டிவிட்டால், அங்கே ளகரமா ழகரமா என்று யோசிக்க வேண்டிய பிள்ளை யோசிக்காமலே ஒரு சொடுக்கில் தாண்டிப் போய்விடும், நாமும் அதற்குச் சொல் தெரியும் என்று நம்பிவிடுவோம்.

இதே காரணத்துக்காகத்தான் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கும் முறையும் இந்த வயதுக்கு வேண்டாம் என்கிறேன். தமிழ் எழுத்தையே நேரடியாகத் தட்டும் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பைப் போடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது கூடவே வருகிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். க தட்டி இ தட்டினால் கி. 247 எழுத்தும் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் இவற்றிலிருந்தே பிறக்கின்றன என்று கரும்பலகையில் எவ்வளவு சொன்னாலும் ஏறாதது, விரலால் தட்டும்போது தானாக ஏறும். விசைகளில் தமிழ் எழுத்து இல்லையென்றால் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

முதல் வகுப்பை ஒரே சொல்லை வைத்து நடத்துங்கள். 'மணி' என்று தட்டச் சொல்லுங்கள். அழிக்கும் விசையை ஒரேயொரு முறை அழுத்தினால் பெரும்பாலான செயலிகளில் முழு எழுத்தும் போகாது, மேலே உள்ள இகரக் குறி மட்டும் போய் 'மண' என்று நிற்கும். அங்கே புள்ளி வைத்தால் 'மண்'. புள்ளிக்குப் பதிலாக 'ம்' சேர்த்தால் 'மணம்'. ஒவ்வொன்றையும் சத்தமாக வாசிக்க வைத்து, பொருள் கேளுங்கள். ஒரு குறி மாறினால் சொல்லே மாறுகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடுகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும், ந-வை அடுத்து த தட்டினால் 'ந்த' ஆகிவிடும். வசதிதான், ஆனால் அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது, கேட்டுக்கொண்டே இருங்கள்.

சொற்பட்டியலுக்கு வருவோம். வாரத்துக்கு ஆறேழு சொல் போதும், ஆனால் ஏதோ ஆறேழு சொல்லாக இருக்கக் கூடாது, ஒரே குழப்பத்தைச் சுற்றியவையாக இருக்க வேண்டும். ஒரு வாரம் ர, ற: அரை, அறை, கரை, கறை. இன்னொரு வாரம் ன, ண: பனி, பணி, மனம், மணம். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள், முதலில் இரண்டு, அது பிடிபட்டபின் மூன்றாவது. சொல்லைத் தனியாகத் தட்டவிடாமல் சின்ன வாக்கியத்தில் வைத்துத் தட்டச் சொல்லுங்கள், பொருள் தெரியாமல் எழுத்து நிற்காது.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி, தேடல். பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை ஒன்றை ஒரு பக்க அளவுக்குத் தட்டி வைத்துக்கொள்ளுங்கள். லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற இலவச எழுத்துச் செயலியில் தேடல் பெட்டியில் 'ந' போட்டு எல்லாவற்றையும் காட்டச் சொன்னால் ந இருக்கும் இடமெல்லாம் ஒளிரும். அடுத்து 'ன' தேடுங்கள். எதையும் சொல்லாமல், எங்கெங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ந சொல்லின் தொடக்கத்தில் வருகிறது, நடுவில் வந்தால் பெரும்பாலும் பக்கத்தில் த இருக்கிறது, ன தொடக்கத்தில் வருவதே இல்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். 'வெந்நீர்' போல ஒன்றிரண்டு விதிவிலக்கு எட்டிப்பார்க்கும், வரட்டும், அதையும் தனியாகக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். தானே கண்டுபிடித்த விதியைப் பிள்ளை லேசில் மறக்காது.

சொல்வதெழுதுதலுக்கு உங்கள் குரலையே பதிவு செய்யுங்கள்: சொல், ஒரு வாக்கியம், மறுபடி சொல். கணினிக் குரலை வைப்பதானால் ல, ள, ழ வேறுபாடு தெளிவாகக் கேட்கிறதா என்று முதலில் நீங்கள் கேட்டுப்பாருங்கள். பார்த்து எழுதும் பயிற்சிக்கு, ஒரு சொல் நான்கு நொடி தெரிந்து மறையும்படி படவில்லைகள் செய்யலாம். பார்க்க, சொல்ல, மறைந்தபின் தட்ட, சரிபார்க்க, அவ்வளவுதான்.

சரிபார்ப்பதை விரிதாள் சூத்திரத்திடம் விட்டுவிடாதீர்கள். 'கொ'வில் உள்ள குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே இருக்கும், கணினி மட்டும் தவறு என்று சொல்லக்கூடும். சரியாக எழுதிய பிள்ளைக்குச் சிவப்புக் குறி விழுந்தால் மனம் ஒடிந்துபோகும். நேர்மாறாக, 'ஔவையார்' என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டினால் பார்க்கச் சரியாகவே தோன்றும். அங்கே நீங்கள்தான் உதவ வேண்டும்.

கணினிக்கு இருவர் உட்காரட்டும், ஒருவர் சொல்ல மற்றவர் தட்ட, பாதியில் இடம் மாற வேண்டும். கால் மணி நேரம் தாராளம். அப்புறம் அதே சொற்களை நோட்டில் கையால் எழுதியே ஆக வேண்டும், விசை தானாக வைத்த புள்ளியை இங்கே கைதான் வைக்க வேண்டும். தவறிய சொற்களை ஒவ்வொரு பிள்ளை பெயரிலும் ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள், அடுத்த வாரப் பட்டியலில் பாதியை அதிலிருந்தே எடுக்கலாம்.