பாகம் மாற்றிய பின் பாஸ்லாக் திருட்டுத் தடுப்பை மீண்டும் பழக்கும் முறை

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1986ஆம் ஆண்டு கார்வெட் காரில் அறிமுகப்படுத்திய திருட்டுத் தடுப்பில், 15 அளவுகளுள் ஏதேனும் ஒன்றைக் கொண்ட மின்தடைத் துண்டு சாவியிலேயே பதிக்கப்பட்டிருந்தது. 1995 மாடல் செவ்ரோலே கேவலியர், பான்டியாக் சன்ஃபயர் கார்களில் வந்த ‘பாஸ்லாக்’ அமைப்பில் சாவி வெறும் உலோகத் துண்டுதான். அடையாளம் காணும் வேலை முழுவதும் இக்னிஷன் பூட்டுக்குள் போய்விட்டது. அதனால்தான் பூட்டின் உருளையை மாற்றியவுடன், புதுச் சாவி சரியாகத் திரும்பினாலும், வண்டி ஓட மறுக்கிறது.

உருளையில் உள்ள காந்தம் சாவியோடு சுழன்று, பக்கத்தில் இருக்கும் உணரியைக் கடக்கும்போது, அந்த உணரிக்கே உரிய ஒரு மின்னழுத்தம், வண்டியின் பூட்டு, விளக்கு போன்றவற்றைக் கவனிக்கும் கணினியான பாடி கண்ட்ரோல் மாட்யூலுக்குச் செல்கிறது. அது தன் நினைவில் உள்ள அளவோடு பொருந்தினால், என்ஜினை இயக்கும் கணினிக்குக் கடவுச்சொல் அனுப்பப்பட்டு எரிபொருள் தொடர்ந்து பாய்கிறது. பொருந்தாவிட்டால் என்ஜின் பற்றிக்கொண்டு ஓரிரு நொடிகளில் அணைந்துவிடும். டாஷ்போர்டில் ‘செக்யூரிட்டி’ விளக்கு மின்னும். ஆகவே பூட்டு உருளை, உணரி, பாடி கண்ட்ரோல் மாட்யூல், என்ஜின் கணினி ஆகியவற்றுள் எதை மாற்றினாலும் இந்தப் பொருத்தத்தைப் புதிதாகப் பழக்க வேண்டும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய மாட்யூலைப் பொருத்தியவர்கள் இதோடு வேலை முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதில் வண்டியின் அடையாள எண்ணையும் வசதிகளின் விவரங்களையும் ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு இணைக்கும் சோதனைக் கருவி) கொண்டு தனியே எழுத வேண்டியிருக்கும்.

இந்த வேலைக்கு இக்னிஷன் ஏறக்குறைய அரை மணி நேரம் ‘ஆன்’ நிலையிலேயே இருக்கும் என்பதால், முதலில் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். கதவுகளைச் சாத்தி, ஹெட்லைட், ரேடியோ, ஏசி விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். பகலில் தானே எரியும் முன்விளக்குகள் உள்ள பல மாடல்களில், இக்னிஷனைப் போடுவதற்கு முன்பே கைப்பிரேக்கை இழுத்துவிட்டால் அவை எரியாமல் இருக்கும்.

இப்போது சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்து, ஒருமுறை ஸ்டார்ட் செய்ய முயன்றுவிட்டு, வண்டி அணைந்ததும் சாவியை ‘ஆஃப்’ பக்கம் திருப்பாமல் ‘ஆன்’ நிலையிலேயே விட்டுவிடுங்கள். சுமார் 10 நிமிடங்களில் செக்யூரிட்டி விளக்கு அணையும். கடிகாரத்தை நம்புவதைவிட விளக்கை நம்புவதே சரி. அது அணைந்த பிறகு சாவியை ‘ஆஃப்’ செய்து 5 நொடிகளாவது காத்திருங்கள். இதே சுற்றை மேலும் இருமுறை, ஆக மொத்தம் 3 முறை, செய்ய வேண்டும். இவ்வளவு நீண்ட காத்திருப்பை வைத்ததற்குக் காரணம் எளிது: தெருவோரத்தில் நிற்கும் வண்டிக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கத் திருடனுக்குத் துணிவு வராது.

பலர் தவறுவது மூன்றாம் சுற்றின் முடிவில்தான். விளக்கு அணைந்த மகிழ்ச்சியில் ‘ஆன்’ நிலையிலிருந்து நேராக ஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். சாவி ‘ஆஃப்’ நிலையிலிருந்து ‘ஸ்டார்ட்’ நிலைக்குச் செல்லும் அந்த ஒரு நகர்வின்போதுதான் கணினி புதிய அளவைப் பதிவு செய்கிறது. எனவே மூன்றாம் முறையும் ‘ஆஃப்’ செய்து, சில நொடிகள் பொறுத்து, அதன் பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இடையில் பொறுமையிழந்து சாவியைத் திருப்பியிருந்தால் முதல் சுற்றிலிருந்தே மறுபடி தொடங்குவது நல்லது.

என்ஜின் நிலையாக ஓடத் தொடங்கியதும், ஸ்கேனர் இருந்தால் கணினியில் தேங்கியுள்ள பிழைக் குறியீடுகளை அழித்துவிடுங்கள். பாகம் எதையும் மாற்றாமலே இந்தக் கோளாறு வந்து, பழக்கிய சில நாட்களில் மறுபடியும் தலைகாட்டினால், உணரியிலிருந்து வரும் மெல்லிய கம்பிகள் தேய்ந்தோ அறுந்தோ இருக்கக்கூடும், அல்லது உணரியே பழுதாகியிருக்கலாம். அந்நிலையில் திரும்பத் திரும்பப் பழக்குவதில் பயனில்லை. கம்பியை வெட்டி நிலையான மின்தடை ஒன்றைச் சேர்த்துவிடும் குறுக்குவழியும் புழக்கத்தில் உண்டு. வண்டி ஓடும், ஆனால் பூட்டு உருளையை உடைத்துத் திருப்புபவனுக்கும் அது ஓடும் என்பதால், உணரியையும் அதன் கம்பித் தொகுப்பையும் சேர்த்து மாற்றிவிட்டு, மேற்சொன்ன 3 சுற்றுகளை ஒருமுறை முழுமையாகச் செய்துவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.